தூக்கினால் கைச்சூடு பழகிவிடுமா? பிணைப்பு ஆய்வு மாற்றிய குழந்தை வளர்ப்பு

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை வீட்டுக்கு வந்த முதல் வாரமே அந்தப் பேச்சு தொடங்கிவிடும். "சும்மா சும்மா தூக்காதே, கைச்சூடு பழகிடும். அப்புறம் கீழே விட்டாலே அழும்." சொல்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அத்தையாக இருப்பார். சொன்ன கையோடு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்பவரும் அவர்தான்.

இந்த வாக்குவாதம் நம் தெருவுக்கு மட்டும் சொந்தமில்லை. போன நூற்றாண்டில் பெரிய பெரிய உளவியல் நிபுணர்களே இதற்காக மோதிக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்ற புகழ்பெற்ற உளவியலாளர் 1928இல் குழந்தை வளர்ப்புக்கு ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள், காலையில் எழுந்ததும் கைகுலுக்கினால் போதும் என்பது அவருடைய அறிவுரை. குழந்தை அம்மாவிடம் ஒட்டுவதே பாலுக்காகத்தான், வேளைக்குப் பால் கிடைத்தால் கொடுக்கிற கை யாருடையதானாலும் ஒன்றுதான் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது பிணைப்பு ஆய்வு. உலகம் முழுக்க ஆஸ்பத்திரி வார்டு, ஆதரவற்றோர் இல்லம், டே கேர் எல்லாவற்றையும் அது மாற்றியிருக்கிறது. கூடவே, தேவையே இல்லாத ஒரு குற்ற உணர்வையும் அம்மாக்கள் தலையில் ஏற்றி வைத்தது.

சரி, பிணைப்பு (ஆங்கிலத்தில் அட்டாச்மெண்ட்) என்றால் என்ன? பயந்தால், அடிபட்டால், தூக்கம் சொக்கினால், புது ஆள் கிட்டே வந்தால் குழந்தை யாரைத் தேடுகிறதோ, அவரோடு அதற்கு இருக்கும் உறவுதான். அன்பு, பாசம் என்று நாம் சொல்வது இதைவிட அகலமானது. ஆபத்து என்று தோன்றினால் யாரிடம் ஓடுவது என்ற ஒரு விஷயத்தை மட்டும் பற்றியது பிணைப்பு.

பிறந்த அன்றே இது வந்துவிடாது. முதல் சில மாதங்களுக்கு யார் தூக்கித் தட்டினாலும் குழந்தை சமாதானமாகும். ஆறேழு மாதத்தில் கதை மாறும். அதுவரை எல்லார் கைக்கும் சிரித்துக்கொண்டே போன பிள்ளை, திருவொற்றியூரிலிருந்து ஆசையாகப் பார்க்க வந்த சித்தப்பாவைக் கண்டதும் வீறிட்டு அழும். "வேற்றுமுகம் பார்க்குது" என்பார்கள். சித்தப்பாவுக்கு மனசு சங்கடமாக இருக்கும். ஆனால் அது நல்ல சேதி. தன் ஆள் யார், வெளியாள் யார் என்று பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது.

அது தவழத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். இந்தப் பொருத்தம் தற்செயலானது இல்லை என்றார் ஜான் போல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். நகரத் தெரிந்த குட்டி, காக்கிற பெரியவரை விட்டு ரொம்ப தூரம் போகாமல் இருந்தால்தான் பிழைக்கும். மனித இனம் காட்டில் வாழ்ந்த காலத்திலிருந்தே உடம்போடு வந்த ஏற்பாடு இது என்பது அவருடைய கருத்து. அதற்காக அம்மா மடியிலேயே கிடக்க வேண்டும் என்பதில்லை. காசிமேட்டு விசைப்படகு ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் கடலில் தங்குகிறதே, அந்தத் தைரியம் எதனால்? காற்று மாறினால் திரும்பி வர ஒரு துறைமுகம் இருக்கிறது. குழந்தையும் தன் ஆள் அங்கே இருக்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துபோய் விளையாடும், பயந்தால் திரும்பி வரும், தேறியதும் மறுபடி போகும். ஒட்டி வளர்கிற பிள்ளை கோழையாகிவிடும் என்ற பயத்துக்கு இங்கே இடமே இல்லை. திரும்பி வர ஆள் உண்டு என்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து விலகிப் போகும்.

சுத்தமான வார்டும் வாடிய பிள்ளைகளும்

இதெல்லாம் யாரோ நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதியதில்லை. பிள்ளைகள் வாடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் தொடங்கியது. ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1945இல் இரண்டு இடங்களை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம். சாப்பாடு, மருத்துவம், சுத்தம் எதற்கும் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு நர்ஸ் பொறுப்பிலும் அத்தனை தொட்டில்கள், தூக்கிக் கொஞ்ச நேரமே கிடையாது. இன்னொன்று பெண்கள் சிறையோடு சேர்ந்த குழந்தைகள் விடுதி. அங்கே கைதிகளான அம்மாக்களே தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சிறைப் பிள்ளைகள் ஓடியாடி வளர்ந்தார்கள். இல்லத்துப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் இறந்துபோனார்கள். ஸ்பிட்ஸின் ஆய்வு முறையில் ஓட்டைகள் உண்டு என்று பின்னால் பலர் காட்டினார்கள், அது நியாயம்தான். ஆனாலும் வயிறு நிறைந்தால் போதும் என்ற பேச்சு அதற்குப் பிறகு பழைய மாதிரி எடுபடவில்லை.

அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ 1958இல் வெளியிட்ட குரங்கு ஆய்வு அந்தப் பேச்சை முடித்தே வைத்தது. தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று பால்புட்டி பொருத்திய கம்பிக்கூடு, மற்றது பால் இல்லாத, மெத்தென்ற துணி சுற்றிய உருவம். குட்டிகள் பாலுக்கு மட்டும் கம்பிக்கூட்டிடம் போய்விட்டு, மற்ற நேரமெல்லாம் துணித்தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன. கொடூரமான சோதனை, இன்றைக்கு அதற்கு யாரும் எளிதில் அனுமதி தரமாட்டார்கள்.

போல்பியிடம் உலக சுகாதார நிறுவனம், போரால் வீடிழந்த குழந்தைகளின் மனநலம் பற்றி அறிக்கை கேட்டது. 1951இல் அது வந்தது. குழந்தைக்கு அம்மாவோடு நெருக்கமான, இடைவிடாத உறவு வேண்டும், இருவருக்கும் அதில் சந்தோஷமும் இருக்க வேண்டும் என்று எழுதியவர், அம்மா என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருப்பவர்' என்றும் சேர்த்திருந்தார். அடைப்புக்குறிக்குள் இருந்தது போல்பிக்கே சொந்த அனுபவம். வசதியான வீட்டுப் பிள்ளையான அவரை வளர்த்தது வீட்டில் வேலைக்கு இருந்த ஒரு பெண். அவருக்கு நாலு வயது இருக்கும்போது அந்தப் பெண் வேலையை விட்டுப் போனதைத் தாயை இழந்ததுபோல் பின்னாளிலும் நினைவு வைத்திருந்தார். ஆனால் அறிக்கையைப் படித்த உலகம் 'அம்மா'வை மட்டும் எடுத்துக்கொண்டு அடைப்புக்குறியை விட்டுவிட்டது. அந்தக் கணக்கை அம்மாக்கள் இன்னும் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன்தான் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தவர். அன்றைய லண்டனில் பல ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் பிள்ளையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம்தான் அனுமதி. சில இடங்களில் அதுவும் கிடையாது. அம்மா வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, ஆகவே வராமலிருப்பதே நல்லது என்பது வார்டு கணக்கு. ராபர்ட்சன் ஒரு கேமராவை எடுத்துக்கொண்டு, குடலிறக்க ஆபரேஷனுக்காக எட்டு நாள் தங்கிய லாரா என்ற இரண்டரை வயதுக் குழந்தையைப் படமெடுத்து 1952இல் வெளியிட்டார். லாரா ஊரைக் கூட்டி அழவில்லை. அவ்வப்போது அம்மாவைக் கேட்டாள், பொம்மையை இறுக்கிக்கொண்டாள், போகப் போக முகம் கல்லானது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அம்மா நீட்டிய கையைப் பிடிக்க மறுத்துவிட்டாள்.

படத்தைப் பார்த்த டாக்டர்களில் பலர் கோபப்பட்டார்கள், எங்கள் வார்டை அவமானப்படுத்துகிறாய் என்றார்கள். ஆனால் ஏழு வருஷத்தில், 1959இல், பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் பிள்ளையைப் பார்க்கலாம், சின்னக் குழந்தையோடு அம்மா தங்கவும் வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிரிந்த பிள்ளை முதலில் எதிர்க்கும், பிறகு சோர்ந்துபோகும், கடைசியில் விலகிவிடும் என்று ராபர்ட்சனும் போல்பியும் மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். வார்டு 'சமத்தாகிவிட்டது' என்று சந்தோஷப்பட்டது உண்மையில் அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்து.

நம் ஊரில் இந்தச் சண்டைக்கு வேலையே இல்லை என்று தோன்றும். ஸ்டான்லியிலோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலோ கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவோ ஆயாவோ (பாட்டி) பாயை விரித்துப் படுத்திருப்பது சாதாரணம். அது கொள்கையால் வந்ததா, பார்த்துக்கொள்ள ஆள் பற்றாமல் வந்ததா என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். எப்படி வந்தாலும் பிள்ளைக்கு நல்லதாகவே முடிந்தது. பிரிவு நடப்பது குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில். அங்கேயும் காற்று மாறுகிறது. எடை குறைந்த குழந்தையை அம்மாவின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு, 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், நிலைமை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனே இதைத் தொடங்கியபோது இறப்பு 25 சதவீதம் குறைந்தது. இதில் வெப்பம், தாய்ப்பால், தொற்றுத் தடுப்பு எல்லாம் சேர்ந்திருக்கிறது. பிணைப்பு ஆய்வின் வெற்றி என்று முழுசாக அதன் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அம்மாவை வார்டுக்கு வந்துபோகும் விருந்தாளியாகப் பார்த்த காலத்தில் இப்படி ஒரு சோதனையை யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

இருபது நிமிஷச் சோதனை

மேரி ஐன்ஸ்வொர்த் இந்தத் துறையின் இன்னொரு தூண். போல்பி சொன்னதைக் களத்தில் பார்த்துச் சரிபார்த்தவர் அவர்தான். 1954இல் உகாண்டாவுக்குப் போய், கம்பாலா பக்கத்துக் கிராமங்களில் 26 குடும்பங்களை வீட்டுக்கே சென்று கவனித்தார். எந்த அம்மா தன் குழந்தையைப் பற்றிச் சின்னச் சின்ன விவரமாக அலுக்காமல் சொல்கிறாரோ, எதற்குச் சிரிக்கும், எதற்கு முகம் சுளிக்கும், எப்படிப் பிடித்தால் தூங்கும் என்று அடுக்குகிறாரோ, அவருடைய குழந்தைதான் தைரியமாக விளையாடியது. எத்தனை மணி நேரம் கூட இருக்கிறார் என்பதைவிட, குழந்தை காட்டும் சைகையை எவ்வளவு சரியாகப் படிக்கிறார் என்பது முக்கியமாகத் தெரிந்தது.

அங்கிருந்து அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குப் போன பிறகு ஐன்ஸ்வொர்த் ஒரு சோதனையை வடிவமைத்தார். ஒரு வயதை ஒட்டிய குழந்தையும் அம்மாவும் பொம்மைகள் கிடக்கும் புது அறைக்கு வருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அறிமுகமில்லாத ஒரு பெண் உள்ளே வருகிறார். அம்மா வெளியே போகிறார், திரும்பி வருகிறார், மறுபடி போகிறார், மறுபடி வருகிறார். மொத்தம் இருபது நிமிஷம்தான். அம்மா போகும்போது பிள்ளை அழுகிறதா என்பதில் பெரிதாக ஒன்றுமில்லை, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் அம்மாவிடம் ஓடி ஒட்டிக்கொண்டு, சீக்கிரம் ஆறி, மறுபடி பொம்மைக்குப் போனார்கள். இதைப் பாதுகாப்பான பிணைப்பு என்கிறார்கள். சிலர் அம்மா வந்ததையே கண்டுகொள்ளாமல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் சிலர் தூக்கு என்று கையை நீட்டி, தூக்கியதும் உதைத்து, சமாதானமே ஆகாமல் அழுதார்கள். இந்த மூன்றிலும் அடங்காமல், அம்மாவிடம் போகவும் பயந்து விலகவும் முடியாமல் குழம்பி நிற்கும் பிள்ளைகளை 1980களில் மேரி மெய்ன் நான்காவது வகையாக அடையாளம் கண்டார்.

கண்டுகொள்ளாத பிள்ளையைத்தான் நான் அதிகம் யோசிப்பேன். பார்க்க அது ரொம்ப சமத்து. ஆனால் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் இதயத்துடிப்பை அளந்தபோது, முகத்தில் எதுவும் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கும் உள்ளே படபடப்பு ஏறியிருந்தது. லாராவின் வார்டு செய்த தப்பை நாம் டே கேரில் செய்யாமலிருக்க இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: அழாத பிள்ளை என்றால் கவலையில்லாத பிள்ளை என்று அர்த்தமில்லை.

இப்போது அத்தையின் கைச்சூட்டுக்கு வருவோம். முதல் சில மாதங்கள் அழுகைக்கு உடனே எழுந்துபோன அம்மாக்களின் குழந்தைகள், வருஷக் கடைசியில் குறைவாகவே அழுதார்கள் என்று ஐன்ஸ்வொர்த் குழு 1972இல் எழுதியது. பின்னாளில் நெதர்லாந்தில் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் தூக்கினால் அழுகை குறையும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதக் குழந்தை அழுது நம்மை ஏமாற்றத் திட்டம் போடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தூக்குங்கள். கை வலித்தால் தூளியில் போட்டு ஆட்டுங்கள்.

அம்மா மட்டும்தானா?

இந்தத் துறை செய்த பெரிய சேதம் இங்கேதான். போருக்குப் பிறகு வேலைக்குப் போன பெண்களைப் பார்த்து, பிள்ளையைக் கெடுக்கிறாய் என்று சொல்ல போல்பியின் பெயர் வசதியாகப் பயன்பட்டது. அவருடைய எழுத்திலும் அதற்கு இடம் இருந்தது, மறைக்க வேண்டாம். பின்னால் வந்தவர்கள்தான் திருத்தினார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஷாஃபரும் எமர்சனும் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964இல் எழுதினார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பா, பாட்டி, அண்ணன், பக்கத்து வீட்டார் என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு பிணைப்பு இருந்தது. சோறு ஊட்டியவரைவிட, கூப்பிட்டால் பதில் தந்து விளையாடியவரிடம் பிள்ளை ஒட்டியது. தற்காலிகப் பிரிவையும் பாசமே கிடைக்காத நிலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்று மைக்கேல் ரட்டர் 1972இல் போல்பியைத் தாட்சண்யமில்லாமல் திருத்தினார்.

அமெரிக்காவில் 1991இல் பிறந்த ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்த பெரிய அரசு ஆய்வின் முடிவு 1997இல் வந்தது. டே கேருக்குப் போவது மட்டும் அம்மாவோடு உள்ள பிணைப்பைக் கெடுப்பதில்லை. வீட்டிலும் பிள்ளையின் சைகையைக் கவனிக்க ஆளில்லை, போகிற இடத்திலும் தரமில்லை, நேரமும் அதிகம் என்று எல்லாம் ஒன்று சேர்ந்தால்தான் சிக்கல்.

இதைக் கேட்டால் வட சென்னைக்காரருக்கு ஆச்சரியமாகவே இருக்காது. விடியாத நேரத்தில் மீன் ஏலத்துக்குக் கிளம்பும் பெண், தூங்குகிற பிள்ளையை ஆயாவிடம் விட்டுத்தான் போகிறார். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் ஒரு மாடி வராண்டாவில் நாலு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் வளரும். அது ஏழைகளின் குறைபாடு என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. நாலைந்து கைகள் இருக்கலாம், அவை மாறாத கைகளாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதனால்தான் கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்துக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது வீட்டுக்கு வீடு கொடுத்தாயிற்று என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவை எந்த ஒதுக்கீட்டு ஆணையிலும் எழுதவில்லை.

ரீல்ஸில் சுற்றும் 'அட்டாச்மெண்ட் பேரண்டிங்' பற்றியும் ஒரு வார்த்தை. எந்நேரமும் உடம்போடு கட்டிச் சுமக்க வேண்டும், ஒரே படுக்கையில் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை மனசு உடைந்துவிடும் என்கிறார்கள். அது அமெரிக்க டாக்டர் வில்லியம் சியர்ஸ் பிரபலமாக்கிய வளர்ப்பு முறை. போல்பியும் ஐன்ஸ்வொர்த்தும் அப்படிப் பட்டியல் போட்டதில்லை. எட்வர்ட் ட்ரோனிக் என்ற ஆய்வாளர் அம்மா–குழந்தை விளையாட்டை வினாடி வினாடியாகப் படமெடுத்துப் பார்த்தபோது, நல்ல ஜோடிகளே பாதி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஒத்துப்போனார்கள். மற்ற நேரம் தப்பும் திருத்தமும்தான். அந்தத் திருத்தத்தில்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அதே ட்ரோனிக்தான் அம்மாவை இரண்டு நிமிஷம் முகத்தில் சலனமே இல்லாமல் இருக்கச் சொன்னவர். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செல்போனில் மூழ்கிய அப்பாவின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும்.

மாறாத கை ஒன்றுகூட இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ருமேனியா காட்டியது. 1989இல் செளசெஸ்கு ஆட்சி விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் புகாரெஸ்ட் இல்லங்களிலிருந்து 136 பேரைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். சின்னக் குழந்தைகளை இல்லத்தில் சேர்ப்பதை ருமேனியா பிறகு சட்டத்தாலேயே தடுத்தது. இந்தியாவின் 2015 இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது.

டே கேரில் எதைப் பார்ப்பது

தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ டே கேர் பார்க்கப் போகிறவர்கள் சுவரில் என்ன கார்ட்டூன், ஏசி உண்டா, கேமரா உண்டா என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் முதல் கேள்வி வேறு. என் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார், அவர் பெயர் என்ன, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார், அவர் பொறுப்பில் இன்னும் எத்தனை பிள்ளைகள்? "இங்கே எல்லாரும் எல்லாக் குழந்தையையும் பார்த்துப்போம் மேடம்" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். இங்கிலாந்தில் 2008 முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பாள் ஒருவரை நியமிப்பது கட்டாயம். இரண்டு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒருவர் வேண்டும் என்பதும் அங்கே விதி. நம் ஊர்க் கட்டணத்தில் அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது, தெரியும். ஆனால் டயபர் மாற்றுவதும் ஊட்டுவதும் தூங்க வைப்பதும் முடிந்தவரை ஒரே ஆளாக இருக்கட்டும் என்று கேட்பதற்குக் கூடுதல் காசு இல்லை. அங்கே வேலை செய்யும் பெண்ணின் சம்பளத்தையும் விசாரியுங்கள். மாசக் கடைசி வரை தாங்காத சம்பளம் என்றால் அவர் அடுத்த மாசமே வேறு வேலைக்குப் போய்விடுவார், உங்கள் பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் நாள் நாம் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. "அங்கே பாரு காக்கா!" பிள்ளை காக்காவைத் தேடுகிற நேரத்தில் அம்மா நழுவிவிடுவார். அம்மா சொல்லாமல் மறைந்துபோவார் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, அதற்கப்புறம் வீட்டில் குளியலறைக்குக்கூட விடாமல் பின்னாலேயே வரும். ஜெர்மனியில் பல இடங்களில் 'பெர்லின் முறை' என்று ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு சுமார் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார், பிரிவு கிடையாது. நாலாவது நாள் சொல்லிவிட்டுச் சில நிமிஷம் வெளியே போவார். பொறுப்பாள் தேற்றினால் பிள்ளை தேறுகிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் நேரத்தைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் இன்னும் சில நாள் பொறுப்பார்கள். பெர்லினில் டே கேருக்கு வந்த 15 மாதக் குழந்தைகள் 70 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டதில், பிரிவு தொடங்கிய நாட்களில் உடம்பில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் கிடுகிடுவென்று ஏறியது. அம்மா கூடவே இருந்து பழக்கிய நாட்கள் அதிகமான பிள்ளைகளுக்கு அம்மாவோடு பிணைப்பும் உறுதியாக நின்றது.

இரண்டு வாரம் லீவு போட முடியாது என்பீர்கள். முடிகிற நாட்களைப் போடுங்கள், அப்பாவும் ஆயாவும் மாறி மாறி உட்காரலாம். போகும்போது "அம்மா வேலைக்குப் போய்ட்டு வரேன், சோறு சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, அழுதாலும் நீட்டாமல் கிளம்புங்கள். உடுத்திய பழைய புடவைத் துண்டு ஒன்றைத் தூங்கும் நேரத்துக்குக் கொடுத்து அனுப்புங்கள், வாசனை உதவும். சேர்க்கும் வயது உங்கள் கையில் இருந்தால், வேற்றுமுகம் பார்க்கும் அந்த எட்டாம் ஒன்பதாம் மாதத்தில் தொடங்காமல் முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஒழுங்காக இருந்த பிள்ளை சாயங்காலம் உங்களைக் கண்டதும் உடைந்து அழுதால், அங்கே ஏதோ கொடுமை நடந்தது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் அது அடக்கி வைத்ததை உரிய ஆளிடம் இறக்குவதுதான். பல நாளாக உங்களைக் கண்டுகொள்ளவே இல்லை, விளையாடுவதும் இல்லை, சாப்பாடும் குறைகிறது என்றால் விசாரியுங்கள்.

சட்டம் எதுவரை

2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி, 12 வாரமாக இருந்த சம்பளத்தோடு கூடிய விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சேர்த்தார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. இவை பிணைப்பு ஆய்வைப் படித்து எழுதியவை என்று சொல்ல முடியாது, தாய்ப்பால் கணக்குக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்த நாலு முறை விதி போல்பிக்குப் பிடித்திருக்கும்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் பல சின்னக் கடைகள், 50 பேர் எங்கே இருக்கிறார்கள்? வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும் மீன் விற்பவருக்கும் விடுப்பே கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைக்கும் 18,000 ரூபாய் உதவி சில மாதங்களைத் தள்ள உதவும். பால்வாடியில் இரண்டு வயது ஆனால்தான் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியும், அதுவும் மாலைக்குள் மூடிவிடும், கடையோ ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் அடைப்பார்கள். ஆறு மாதத்திலிருந்தே குழந்தைகளைச் சேர்க்கும் ஒன்றிய அரசின் 'பால்னா' காப்பகங்களும் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம்தான் திறந்திருக்கும்.

ஆக ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை, பிணைப்பு உருவாகிற சரியான அந்த நேரத்தில், பெரும்பாலான வீடுகளுக்கு ஆயாவும் பக்கத்து வீட்டு அக்காவும்தான் கதி. அந்த அக்காவுக்கு மாசாமாசம் கொடுப்பதை உதவி என்று நினைக்காமல் சம்பளமாகவே கொடுங்கள், தேதி தவறாமல். இன்னொருவர் 500 ரூபாய் குறைத்துக் கேட்கிறார் என்று நடுவில் ஆள் மாற்றினால், புது ஆள் வீட்டிலும் நீங்கள் முதல் சில நாள் கூட உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அந்த நாட்களின் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு மாற்றுங்கள்.